ஷார்ஜாவுக்கு நாலேகால் மணி நேரம்

ஆழ்வார்தோப்பு, திருச்சி
8.12.2024

அன்புள்ள மச்சானுக்கு, கமருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் நலம். நம் மகள் ரிஃபானாவுக்குக் கல்யாண நாள் குறித்த பிறகு நாம் மூன்று தடவை போனில் பேசிவிட்டோம். மூன்று தடவையும் நான் "எப்ப வர்றீங்க?" என்று கேட்டவுடன் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. "ஹலோ, ஹலோ, கேக்கல கமரு" என்கிறீர்கள். அதற்கு முந்தின வார்த்தை வரைக்கும் நன்றாகத்தான் கேட்டது. காகிதத்தில் சிக்னல் போகாது. அதனால் இந்த ஒரு விஷயத்தை இனி எழுத்தில்தான் பேசுவேன். போன் வந்தால் சுகம் விசாரிப்பேன், வைத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டு அப்துல் அஹத் பாய் துணி வியாபாரத்துக்காக மாதம் இரண்டு தடவை ஷார்ஜா வந்து போகிறாரே, அவர் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும் வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பொண்ணுக்கு வலியாக, அதாவது அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் பொறுப்பில், உங்கள் தம்பி நின்றால் போதும் என்று அவளிடம் சொன்னீர்களாமே. "அத்தா சொன்னாங்கம்மா, போன்ல பொறுப்பு கொடுத்தா அதுவும் செல்லுமாம்" என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மார்க்கத்தில் செல்லும், மச்சான். எனக்குச் செல்லாது.

நான் ஸ்கூட்டர் வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து நாலு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். பதில் எழுதுங்கள். "பார்க்கலாம்" என்ற வார்த்தை அதில் வரக்கூடாது.

கமருன்னிசா

---

ஷார்ஜா
14.12.2024

அன்பு கமருவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. அப்துல் அஹத் நீ சொன்னபடியே எதிரில் நின்றார். உட்காரச் சொன்னதற்குக் கூட உட்காரவில்லை.

விஷயம் இதுதான். இங்கே நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று முடிகிறது. எட்டு லிஃப்ட். பிப்ரவரியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள். தலைமை மெக்கானிக் என்று என் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்டும் ஓடாது. லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. தூரத்தில் கிடக்கிறவன் நிலைமை இருபத்தெட்டு வருஷமாக உனக்குத் தெரியாததா?

வீடியோவில் முதலிலிருந்து கடைசி வரை நான் இருப்பேன். தம்பி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு போனை அதில் வைக்கச் சொல். ரிஃபானாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ கோபப்படாதே. உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை விட்டுவிடாதே.

அடுத்த வருஷம் கண்டிப்பாகப் பார்க்கலாம்.

ஹபீபுல்லா

---

ஆழ்வார்தோப்பு, திருச்சி
29.12.2024

மச்சானுக்கு, ஸலாம்.

அப்துல் அஹத் பாயை நேற்று வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். டம்ளரை வாயில் வைக்கும்வரை சும்மா இருந்துவிட்டுக் கேட்டேன்.

"பாய், மறைக்காம சொல்லுங்க. அவருக்கு லீவு கிடைக்கலையா?"

"அது வந்துங்க அக்கா..."

"அல்லாஹ்வுக்குப் பொதுவா சொல்லுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "கிடைச்சுதுங்க அக்கா. போன மே மாசமே கிடைச்சுது. பெட்டியோட ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். உள்ளே போயிட்டாரு. நான் தொழுதுட்டு வெளியே வந்து பார்த்தா, டாக்ஸி வரிசையில நிக்கிறாரு. 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னாரு. இந்தத் தடவையும் லீவு கையில இருக்குங்க. அதையும் சொல்ல வேணாம்னுதான் சொன்னாரு."

மே மாதம் நீங்கள் என்னிடம் சொன்னது என்ன? கம்பெனி கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டது. நான் அதை நம்பி, உங்கள் கம்பெனியை ஏழு தலைமுறைக்கு ஏசினேன். வாங்கி வைத்த விரால் மீனை என் தங்கை மஹ்ஜபீன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ரசம் சோறு சாப்பிட்டோம்.

தூரத்தில் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரிஃபானாவைப் பார்க்கச் சொன்னேன். இங்கிருந்து ஷார்ஜா ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டராம். விமானத்தில் நாலு மணி நேரமாம். துறையூருக்குப் பஸ் ஏறி, ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டி, பிரியாணி சாப்பிட்டுத் திரும்பவே எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. ஆகவே தூரம் காரணம் இல்லை. லீவும் காரணம் இல்லை.

அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருக்கிறதா? நேராகக் கேட்கிறேன், நேராக எழுதுங்கள். அழமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு அழுகிறேன்.

கமருன்னிசா

---

ஷார்ஜா
6.1.2025

கமரு,

வேறு குடும்பம் இல்லை. என் தாய் மீது ஆணையாக இல்லை. நீ அப்படி நினைக்கும்படி நடந்துகொண்டேனே என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஜேக்கப்தான் "உள்ளதை எழுதித் தொலைய்யா" என்று பேனாவைக் கையில் கொடுத்தான். அவன் குடும்பத்தோடு இங்கே இருப்பவன், உனக்குத் தெரியும், திருவெறும்பூர் ஜேக்கப்.

நான் கடைசியாக ஊருக்கு வந்தது 2021 நவம்பர். அன்று திருச்சியில் நல்ல மழை. விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. வீடுகளின் மாடியில் தண்ணீர்த் தொட்டி கூடத் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில், யாரோ கீழிருந்து எட்டி உதைத்த மாதிரி மறுபடி மேலே எகிறியது. பெண்கள் கத்தினார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் சத்தமாகக் கலிமா சொல்ல ஆரம்பித்தார். மேகத்துக்குள் இரண்டு தடவை சுற்றிவிட்டு மூன்றாம் தடவைதான் இறங்கினோம். மழையில் பாதை தெரியவில்லை, அதனால் பைலட் மேலே கிளப்பினார், அது பாதுகாப்புக்காகச் செய்வது என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுப் பெட்டியை எடுக்கப் போனார்கள். எனக்கு மட்டும் முழங்கால் நிற்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் என்று படுத்தேனே, அது காய்ச்சல் இல்லை. அந்த லீவு முடிந்து இங்கே திரும்பிய பயணத்தில் நாலு மணி நேரமும் முன் சீட்டைப் பிடித்தபடியே வந்தேன். அதன் பிறகு மூன்று தடவை கிளம்பிப் பார்த்துவிட்டேன். 2023 பெருநாளுக்கு ஒரு தடவை பெட்டி கட்டியதோடு சரி. இன்னொரு தடவை ஏர்போர்ட் வாசல். போன மே மாதம் கேட் வரைக்கும் போனேன். விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் வேர்த்து மூச்சு முட்டியது. அங்கிருந்த பெண்ணிடம் நெஞ்சு வலி என்று பொய் சொல்லித் திரும்பினேன்.

நாற்பது மாடி லிஃப்ட் குழியில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவன் நான். இதை யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள். அந்தக் கயிறு நான் சோதித்த கயிறு, கமரு. அதன் ஒவ்வொரு இழையையும் நான் அறிவேன். விமானத்தில் எனக்கு எதுவும் தெரியாது, எதுவும் என் கையில் இல்லை.

கப்பல் இருக்கிறதா என்றுகூட விசாரித்தேன். திருச்சிக்குக் கடல் ஏது?

ஊருக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. இதை ரிஃபானாவிடம் சொல்லாதே.

ஹபீபுல்லா

---

ஆழ்வார்தோப்பு, திருச்சி
13.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

படித்தேன். முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். பத்து நாளாக நான் மனதுக்குள் ஒரு பெண்ணுக்கு முகம் வரைந்து, புடவை கட்டி, ஏசிக்கொண்டு இருந்தேன். அவள் இல்லை என்றதும் உங்கள் கஷ்டம் கூட எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் தெரிந்தது. பிறகு அழுதேன். மூன்று வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள்?

ரிஃபானாவிடம் சொல்லிவிட்டேன். "சொல்லாதே" என்று நீங்கள் எழுதியது கடைசி வரியில்தானே வருகிறது, நான் அதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தாவுக்கு நம்ம மேல கோவம்னு நெனச்சிட்டு இருந்தேம்மா" என்றாள். நீங்கள் மறைத்ததற்கு அவள் கொடுத்திருந்த பெயர் அது.

இனி பயத்தைப் பற்றி. இதில் நான் கற்றுத்தேர்ந்தவள். ஆறு வருஷத்தில் இருநூறு பெண்களுக்கு மேல் ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்திருக்கிறேன். யாரிடமும் "பயப்படாதீங்க" என்று சொன்னதில்லை. சொன்னால் பயம் போய்விடுமா என்ன? ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி மாமி ஒருவர், வயது ஐம்பத்திரண்டு. தெருவில் நன்றாக ஓட்டுவார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிடும். "என்னால முடியலைம்மா, நேக்குக் கையெல்லாம் நடுங்கறது" என்று ஓரமாக நிறுத்திவிடுவார். நான் பின்னால் உட்கார்ந்து, "மாமி, ஸ்ரீரங்கத்துலேருந்து திருச்சிக்குப் போக வேணாம். அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போங்க, போதும்" என்பேன். அது வந்தால் அடுத்த கம்பம். போன மாதம் தன்னந்தனியாகச் சத்திரம் பேருந்து நிலையம் வரை வந்து, எனக்கு போன் செய்து, "கமரு, நன்னா ஓட்டிண்டு வந்துட்டேன்டி!" என்று கத்தினார். முதல் தடவையாக என்னை "டி" போட்டார்.

உங்களைக் கூட்டிவர நான் வருகிறேன்.

ஆமாம், நான்தான். மக்காவுக்கு உம்ரா போகவென்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் பெட்டியில் சும்மா கிடக்கிறது. விசிட் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பிப்ரவரி 5 அங்கே வருகிறேன், 12 அன்று இரண்டு பேரும் சேர்ந்து திரும்புகிறோம். கல்யாண வேலையை மஹ்ஜபீனும் உங்கள் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சந்தேகம். டிக்கெட்டில் காலை பத்துக்குக் கிளம்பிப் பன்னிரண்டே முக்காலுக்கு ஷார்ஜா என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டே முக்கால் மணி நேரம்தானே? நாலு என்று ஏன் ஊரெல்லாம் சொல்கிறார்கள்?

கமருன்னிசா

---

ஷார்ஜா
20.1.2025

கமரு,

உனக்கு என்ன பைத்தியமா? செம்பட்டு ஏர்போர்ட்டில் வாசலைத் தாண்டாதவள் நீ. கல்யாண வீட்டை விட்டுவிட்டு யாராவது கிளம்புவார்களா? வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஜேக்கப் மனைவி உனக்கென்று ஒரு அறையை ஒழித்துக் கழுவிவிட்டார். நீ அவர்களோடு போனில் பேசினாயாமே. என்னிடம் சுகம் மட்டும் விசாரித்துவிட்டு வைக்கிறாய், அவர்களோடு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாய்.

சரி. கேள். நம் ஊர் மணியைவிட இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். நீ பத்துக்கு ஏறினால் நாலேகால் மணி நேரம் பறந்து, நம் ஊர்க் கணக்கில் இரண்டேகாலுக்கு இறங்குவாய். அப்போது இங்கே கடிகாரம் பன்னிரண்டே முக்கால்தான் காட்டும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், கால் மணி குறையும். இருபத்தெட்டு வருஷத்தில் இதை நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

காது அடைக்கும். மிட்டாய் வைத்துக்கொள். ஜன்னல் சீட் வேண்டாம், வெளியே பார்க்காதே. இறக்கை ஆடும், அது ஆடத்தான் செய்யும், ஒடியாது. இதையெல்லாம் உனக்கு எழுதும்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்கே சொல்லிக்கொள்ளும்போதுதான் தெரிவதில்லை.

வந்த பிறகும் என்னால் ஏற முடியாமல் போனால் என்ன செய்வாய்?

ஹபீபுல்லா

---

வானத்தில்
5.2.2025

மச்சான்,

ஜன்னல் சீட்டுதான் வாங்கினேன். மடியில் பையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். நீங்கள் திரும்பி வரும்போது என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கிளம்பும்போது எனக்கும் பயம் வந்தது. மறைக்க மாட்டேன். ஐந்து நிமிஷம். யாசீன் ஓதினேன். ரிஃபானா காலையில் கட்டிக்கொண்டு விடவேயில்லை, அவளை நினைத்ததும் கண் கலங்கியது, அதில் பயம் மறந்துபோனது.

முதல் மணி நேரத்தில் மலை வந்தது, பச்சையாக. பிறகு கடல். சாப்பாடு கொடுத்தார்கள், உப்பில்லை. இரண்டாம் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காதது எவ்வளவு நல்ல விஷயம் என்று எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடியது. பணிப்பெண் முகத்தைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஊற்றும் வரை நமக்குக் கவலை இல்லை. இப்போது கீழே பழுப்பு மலைகள், மரமே இல்லாமல், சப்பாத்தி மாவைப் பிசைந்து போட்ட மாதிரி. இந்த வெறும் பூமியைத்தானா என் கல்யாணம் முடிந்த வருஷத்திலிருந்து பார்க்கிறீர்கள்?

ஏற முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசிக்கவில்லை. பாலத்தில் வண்டி நின்றால் என்ன செய்வதென்று பாலத்தில்தான் யோசிப்பேன்.

இறங்கப்போகிறார்களாம். பேனாவை மூடுகிறேன்.

கமரு

---

ஆழ்வார்தோப்பு, திருச்சி
12.2.2025

என் கமருவுக்கு,

இந்தக் கடிதத்தின் முதல் பாதியை விமானத்தில் எழுதினேன். அந்த எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன். நாளை நீ இறங்கியதும் தருவேன்.

காலையில் கவுன்ட்டரில் அந்தப் பெண், "சீட்டுக்கு மேல டிக்கெட் கொடுத்துட்டாங்க, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இன்னைக்கு இடம், இன்னொருத்தர் நாளைக்குப் போகணும்" என்றாள். நீ யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேருமே நாளைக்குப் போறோம்மா" என்றாய். எனக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு பயம் வந்தது, கமரு. மே மாதம் டாக்ஸி வரிசையில் நின்றபோது வந்ததும் இதே நிம்மதிதான். இன்றைக்குத் திரும்பினால் நாளைக்கும் திரும்புவேன்.

"நான் போறேன்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "நிசமாவா?" என்று கேட்டாய். "நிசமாதான், சீக்கிரம் அனுப்பு, மனசு மாறிடும்" என்றேன். நீ வானத்தில் எழுதித் தந்த கடிதத்தைச் சிரித்துக்கொண்டே என் சட்டைப் பையில் வைத்தாய். கேட் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.

பக்கத்து சீட்டில் துறையூர்க்காரர் ஒருவர், வீரமலை என்று பெயர், கொத்தனார். விமானம் ஓட ஆரம்பித்ததும் நான் கைப்பிடியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார். "இல்லீங்க, பயமா இருக்கு" என்றேன். முன்பின் தெரியாத மனிதரிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! "எனக்கும்தாங்க. அதான் நான் பேசிக்கிட்டே வருவேன், நீங்க தூங்கிடாதீங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் சின்ன வெங்காயம் பயிர் செய்வது எப்படி என்று சொன்னார். எந்த மாதம் நடவு, எப்போது தண்ணீர் நிறுத்த வேண்டும், எல்லாம் எனக்கு இப்போது தெரியும். நடுவில் ஆட்டம் வந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பணிப்பெண்ணைப் பார்த்தோம். டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நாலு மணி நேரமும் இருந்தது. ஜீயபுரத்து வாழைத்தோட்டம், காவிரி, அதற்கு அப்பால் பெரிய கோபுரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய, விமானம் கீழே கீழே வர, வாய்விட்டுக் கலிமா சொன்னேன். வீரமலை "முருகா முருகா" என்றார். சக்கரம் தரையில் பட்டது. எகிறவில்லை. ஓடியது, நின்றது. என் முழங்காலும் நின்றது.

வெளியே ரிஃபானா. திரையில் பார்த்ததைவிட உயரமாக இருக்கிறாள், உனக்குத் தெரியுமா? "அத்தா, நீங்க மட்டுமா? அம்மா எங்கே?" என்றாள். "அம்மா நாளைக்கு வருவா, நான் தனியாத்தான் வந்தேன்" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நான்தான் உன்னைக் கொடுப்பேன், உன் சித்தப்பா இல்ல" என்றேன். "கொடுக்கிறதுல இவ்வளவு சந்தோஷமா?" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் லீவு முடிகிறது. நான் திரும்பிப் போவேன், கமரு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன். பயத்தோடுதான் வருவேன்.

நாளை மதியம் இரண்டு இருபதுக்கு உன் விமானம். நான் ஒரு மணிக்கே போய் வாசலில் நிற்பேன். மேலே பறக்கிறவனுக்கு இது நாலு மணி நேரம். கீழே நிற்பவளுக்கு எவ்வளவு நேரம் என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. நாளைக்கு நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

ஹபீபுல்லா